கடைசி வண்டி

"புஸ்ஸ்" என்று ஒரு பெருமூச்சு தெற்கே ராயபுரம் பக்கம் எங்கோ கிளம்பும். பிறகு இன்னும் கொஞ்சம் கிட்டத்தில் இன்னொன்று, அதற்கடுத்து இன்னொன்று என்று வண்டி வண்டியாக வந்து, எங்கள் சந்து முனையைத் தொட்டு, எங்களைத் தாண்டி வடக்கே எர்ணாவூர் பக்கம் போய்த் தேய்ந்து மறையும். திருவொற்றியூரில் கடலோரச் சாலையை ஒட்டிய அந்தச் சந்தில் வளர்ந்த எந்தப் பிள்ளைக்கும் அது என்ன சத்தம் என்று சொல்லித்தர வேண்டியதில்லை. துறைமுகத்துக்குள் நுழையக் காத்துக்கிடக்கும் கன்டெய்னர் வண்டிகள் காற்று பிரேக்கை விடுவிக்கிற சத்தம் அது. முன்னால் ஒரு வண்டி உள்ளே போனால், பின்னால் நிற்கிறவை எல்லாம் ஒவ்வொன்றாக ஒரு வண்டி நீளம் முன்னேறும். தலை வாரிக்கொண்டிருந்தாலும் சரி, மீன் ஆய்ந்துகொண்டிருந்தாலும் சரி, அந்தச் சத்தம் கேட்டதும் அம்மா கையை அப்படியே நிறுத்தி, "லைன் நவுருது" என்பாள். அந்த ஒரு வார்த்தைக்கு எங்கள் வீட்டில் சாமி பெயருக்கு இருந்த மரியாதை இருந்தது.

ஏனென்றால் அந்த "லைன்"-இல்தான் எங்கள் நைனா இருந்தார். அவர் டிரெய்லர் ஓட்டுநர். வண்டி வரிசையில் நுழைந்துவிட்டால் மூன்று நாளோ, நாலு நாளோ, துறைமுக வாசலை எட்டும்வரை இறங்க முடியாது. முன் வண்டி நகர்ந்து நாம் நகரவில்லையென்றால் பின்னாலிருந்து மூன்று முறை ஹாரன் அடிப்பார்கள். அதற்கும் அசையாவிட்டால் பக்கத்திலிருந்து எவனாவது "பூந்துடுவான்". ஒருவன் நுழைந்தால் அவன் வாலைப் பிடித்துக்கொண்டு பத்துப் பேர் நுழைவார்கள். அதனால் நைனா எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிட நடையில், வீட்டு ஓட்டுக்கூரை கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில், வீட்டுக்கு வர முடியாமல் நாள் கணக்கில் உட்கார்ந்திருப்பார். துபாய்க்குப் போன அப்பாக்களுக்காவது ஊருக்கு வர லீவு உண்டு என்று நான் ஒருமுறை சொல்லி, அம்மாவிடம் கரண்டிக் காம்பால் வாங்கியிருக்கிறேன்.

அதற்காக நாங்கள் ஒன்றும் வாடிப்போய்விடவில்லை. வீடு நைனாவிடம் போனது. மதியம் சோறும் குழம்பும் தூக்கில் போகும். துவைத்த லுங்கி போகும். பரீட்சைப் பேப்பரில் கையெழுத்து வாங்க நான் போவேன். ஸ்டியரிங்கில் பேப்பரை வைத்து அவர் கையெழுத்துப் போடும்போது டீசல் வாடையும் ஊதுவத்தி வாடையும் கலந்து வரும். என் தம்பி சேகருக்கு முதன்முதலாக சோறூட்டியதே அந்தக் கேபினில்தான்.

எனக்குப் பதினோரு வயதான அந்தப் பங்குனியில் நைனாவுக்குப் பின்னால் நின்றது நெல்லூர்க்காரர் ரமணய்யாவின் வண்டி. நீலக் கேபின், நெற்றியில் எதிரெதிராக இரண்டு பச்சைக் கிளிகள். நாலு நாளாக முன்னும் பின்னுமாக நின்றதில் இருவரும் "தோஸ்து" ஆகியிருந்தார்கள். இரண்டு வண்டியிலிருந்த சரக்கும் ஒரே கப்பலுக்கு. எங்கள் வீட்டுத் தூக்கில் அவருக்கும் சேர்த்துத்தான் சோறு போனது. நன்றாக வழித்துச் சாப்பிட்டுவிட்டு, "காரம் சால்லேது அம்மாயி, அம்மாகிட்ட சொல்லு" என்பார். போதவில்லையாம். எங்கள் அம்மாவின் காரப்பொடிக் குழம்பைச் சாப்பிட்டு ஊரே மூக்கைச் சிந்தும். இந்த மனிதருக்கு அது போதவில்லை.

இந்த இடத்தில் எங்கள் கணக்கு டீச்சரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் நடந்ததற்கு முதல் காரணம் அவர்தான். வெள்ளிக்கிழமை கடைசி வகுப்பில், "எவ்வளவு பெரிய எண் வேணும்னாலும் சொல்லுங்க" என்றார். நாங்கள் ஆயிரம், லட்சம், கோடி கோடி என்று கத்தினோம். அவர் அசராமல் எல்லாவற்றுக்கும் "கூட ஒண்ணு" என்றார். கடைசியில் பலகையில் எட்டைப் படுக்கவைத்து வரைந்து, எண்களுக்கு முடிவே கிடையாது, இதன் பெயர் முடிவிலி என்றார். மற்ற பிள்ளைகள் மணியடித்ததும் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். நான் மட்டும் பயந்துபோய், அந்தப் படுத்த எட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன்.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். அன்று சாயங்காலம் பக்கத்து வீட்டு ஸ்டெல்லா ஆன்ட்டி ஜெபத்தை முடிக்கும்போது "சதா காலங்களிலும்" என்றது, வருஷக்கணக்காகக் கேட்ட வார்த்தைதான் என்றாலும், அன்றைக்குப் புதிதாகக் காதில் விழுந்தது. சதா காலமும் என்றால் எதுவரைக்கும்? அதற்கப்புறம்? அதற்கும் அப்புறம்? கண்ணை மூடி, எண்ணூர் அனல்மின் நிலையத்துப் புகைக்கூண்டைத் தாண்டி, கடலைத் தாண்டி, வானத்தைத் தாண்டி மனசை அனுப்பிப் பார்த்தேன். உண்மையைச் சொன்னால் என் கற்பனை புகைக்கூண்டைத் தாண்டவில்லை; அதற்கப்பால் நினைத்ததெல்லாம் வெறும் கறுப்பு. அம்மாவிடம் போய், "வானத்துக்கு அப்பால இன்னாம்மா கீது?" என்று கேட்டேன். "வேலை கீது. வந்து பூண்டு உரி" என்றாள்.

பூண்டு உரித்துக்கொண்டிருந்தபோதுதான் அம்மா ஸ்டெல்லா ஆன்ட்டியிடம் சுவருக்கு மேலே எட்டிப் பேசியது காதில் விழுந்தது. போன மாதம் நைனா ஒரு கப்பலைத் தவறவிட்டுவிட்டார். வண்டி முதலாளி, இன்னொரு தடவை கப்பலை விட்டால் சாவியை வேறு ஆளிடம் கொடுத்துவிடுவேன் என்று சொல்லிவிட்டார். இந்தக் கப்பல் ஞாயிற்றுக்கிழமை மதியத்தோடு சரக்கு வாங்குவதை நிறுத்திவிடும். "மூணு நாளா லைன் அசையவே இல்லக்கா. பேஜாரா கீது. அந்த லைனுக்கு முடிவே இல்ல போல" என்று சொல்லி அம்மா மூக்கை உறிஞ்சினாள். அம்மா அழுது நான் அதற்கு முன் கேட்டதில்லை.

முடிவே இல்லை. டீச்சர் எண்ணைப் பற்றிச் சொன்னது, ஆன்ட்டி காலத்தைப் பற்றிச் சொன்னது, இப்போது அம்மா லைனைப் பற்றிச் சொன்னது எல்லாம் ஒரே வார்த்தை. பதினோரு வயது மூளை அதை இப்படிக் கணக்குப் போட்டது: லைனுக்கு முடிவில்லை என்றால் நைனா எப்போதும் அதில்தான் நின்றுகொண்டிருப்பார், வீட்டுக்கு வரவே மாட்டார். லைனுக்கு ஒரு கடைசி வண்டி இருக்கிறது என்று என் கண்ணால் பார்த்துவிட்டால், அது எண்ணி முடிக்கக்கூடிய லைன்; எண்ணி முடிக்கக்கூடியது ஒருநாள் முடிந்துதானே ஆக வேண்டும்? இந்தக் கணக்கில் எங்கே ஓட்டை என்று இப்போது எனக்குத் தெரியும். அன்றைக்கு அதைவிடக் கெட்டியான கணக்கு உலகத்தில் இல்லை.

சனிக்கிழமை அரைநாள் பள்ளி. யூனிபாரத்தோடேயே தூக்கைக் கையில் கொடுத்து அம்மா அனுப்பினாள். நெல்லூர்க்காரருக்காக அன்று மிளகாயை வஞ்சனையில்லாமல் அரைத்திருந்தாள். சந்து முனையில் நைனாவிடம் போக தெற்கே திரும்ப வேண்டும். நான் வடக்கே திரும்பினேன். பாவாடைப் பையில் வகுப்பிலிருந்து எடுத்து வந்த சாக்பீஸ் ஒன்று இருந்தது.

ஒரு பக்கம் கருங்கல் கொட்டிய கடல், மறுபக்கம் வண்டி வண்டியாக லைன். சிவப்பு, பச்சை, துருப்பிடித்த பழுப்பு என்று கன்டெய்னர்கள் நின்றன. அடியில் நிழலில் ஓட்டுநர்கள் சீட்டாடினார்கள், சட்டை துவைத்தார்கள், ஸ்டவ்வில் பருப்பு வேகவைத்தார்கள். நூற்றுப் பதினேழுவரை எண்ணினேன். ஒருவர், "இன்னா பாப்பா, யாராண்ட போற?" என்று கேட்டதில் எண்ணிக்கை விட்டுப்போனது. நூற்றுப் பதினேழா, நூற்றெழுபத்தொன்றா என்று குழம்பி, பிறகு எண்ணுவதை விட்டுவிட்டு நடந்தேன். தூக்குப் பிடி கையை அறுத்தது. எர்ணாவூர் தாண்டி, வெயிலில் செருப்பு தார்ரோட்டில் ஒட்டிக்கொள்ளத் தொடங்கியபோது, திடீரென்று வண்டி தீர்ந்துபோய் வெறும் சாலை தெரிந்தது.

எனக்கு வந்த சந்தோஷத்தை என்னவென்று சொல்ல! இதோ கடைசி வண்டி. ஆரஞ்சு நிறக் கேபின், பின்கதவு முழுக்கத் தூசி. எம்பி நின்று அந்தத் தூசியின் மேல் சாக்பீஸால் பெரிதாக "கடைசி" என்று எழுதினேன். இரண்டாவது எழுத்துக்குக் கொம்பு போட்டுக்கொண்டிருக்கும்போதே பின்னால் ஹாரன் அலறியது. ஒரு டிரெய்லர் வந்து ஒட்டி நின்றது. சரி, இதுதான் கடைசி. அதன் பின்னால் போய் எழுதினேன். இன்னொன்று வந்தது. அதிலும் எழுதினேன். ஐந்தாவது வண்டியின் ஓட்டுநர் இறங்கி வந்து, "இன்னாம்மே, வண்டில கிறுக்கினு கீற?" என்றார். "கடைசி வண்டி எதுன்னு பாக்கறேன்" என்றேன். அவர் சிரித்தார். "நான்தான் கடைசி" என்று அவர் சொல்லி வாய் மூடவில்லை, பின்னால் ஆறாவது வந்து நின்றது. அவர் என்னைப் பார்த்துக் கையை விரித்தார்.

ஏழாவதில் எழுதும்போது சாக்பீஸ் நகத்தளவு தேய்ந்துவிட்டது. டீச்சர் "கூட ஒண்ணு" என்றது எனக்கு அப்போதுதான் முழுசாக விளங்கியது, விளங்கியதும் தூக்கை மடியில் வைத்துக்கொண்டு ரோட்டோரக் கருங்கல்லில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, வியர்வையில் பனியன் ஒட்ட, நைனா ஓடிவந்தார். சைக்கிளில் டீ விற்கிற ஆள், உம் பொண்ணு தூக்கோடு எர்ணாவூர் பக்கம் போவுது என்று சொல்லியிருக்கிறார். வண்டிகளுக்கு நடுவே நசுங்கிச் செத்த பிள்ளைகளின் கதையெல்லாம் அந்த ரோட்டில் எல்லோருக்கும் தெரியும். சாவியை வண்டியிலேயே விட்டுவிட்டு, போட்டது போட்டபடி ஓடிவந்திருக்கிறார். அடிப்பார் என்று கையைத் தலைக்கு மேல் வைத்துக்கொண்டேன். அடிக்கவில்லை. "இன்னாம்மா ஆச்சு, எவனாவது எதுனா சொன்னானா?" என்றார். "கடைசியே இல்ல நைனா. எழுதி எழுதிப் பாத்தேன், வந்துகினே கீது. இனிமே நீ வூட்டுக்கே வர மாட்ட" என்று தேம்பினேன்.

வரிசையாக ஏழு வண்டியிலும் "கடைசி" என்று எழுதியிருந்ததைப் பார்த்து அவருக்குச் சிரிப்பு வந்தது. "வாலு இல்லாட்டி போவுது, தலை கீது இல்ல? நைனா தலைப் பக்கமா தானே போய்கினு கீறேன்" என்றார். எனக்கு அது நியாயமாகப் பட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தேன்.

அப்போதுதான் தெற்கே வெகு தூரத்திலிருந்து அந்தச் சத்தம் வந்தது. புஸ்ஸ். புஸ்ஸ். புஸ்ஸ். மூன்று நாள் கிடையாய்க் கிடந்த லைன் நகரத் தொடங்கிவிட்டது. நைனாவின் வண்டி ஆளில்லாமல் நிற்கிறது. அவர் முகம் போன போக்கை நான் இன்றும் மறக்கவில்லை. என் கையிலிருந்து அவர் கை ஒரு கணம் கழன்றது, பிறகு இன்னும் இறுக்கிப் பிடித்தது. தூக்கை அவர் வாங்கிக்கொள்ள, இரண்டு பேரும் ஓடினோம். ஓடும்போது எங்களைக் கடந்து அந்தச் சத்தம் ஐந்து தடவை போனது. அன்று நான் சரியாக எண்ணியது அது ஒன்றுதான்.

நைனாவின் வண்டி நின்ற இடத்தில் வேறு வண்டி நின்றது. "பூந்துட்டாங்க" என்று நைனா தனக்குள் சொல்லிக்கொண்டு மேலே நடந்தார். ஐந்து வண்டி நீளம் தாண்டி, எங்கே இருக்க வேண்டுமோ அங்கே, முன்னால் இருந்த அதே வண்டியின் முதுகை ஒட்டி எங்கள் வண்டி நின்றுகொண்டிருந்தது. ஆனால் அதன் பின்னால் கிளி போட்ட நீல வண்டி இல்லை. யாரோ ஒருவர், அவருக்குப் பின்னால் இன்னொருவர், அப்புறம் ஒருவர். அந்த மூன்றையும் தாண்டித்தான் ரமணய்யா.

ஒவ்வொரு தடவையும் அவர் எங்கள் வண்டியில் ஏறி அதை முன்னே கொண்டுபோய் நிறுத்திவிட்டு, இறங்கி ஓடிவந்து தன் வண்டியை எடுத்திருக்கிறார். அந்த ஓட்ட நேரத்தில் இடைவெளியில் மூன்று பேர் நுழைந்துவிட்டார்கள். அவர் எங்கள் வண்டியைச் சுற்றிக்கொண்டு முன்னே போயிருக்கலாம்; லைன் சட்டப்படி அது தப்பே இல்லை. மூச்சு வாங்க, படியில் உட்கார்ந்திருந்தவர் முன்னால் நைனா கையெடுத்துக் கும்பிட்டு நின்றார். ரமணய்யா என்னைப் பார்த்து, "அம்மாயி, அன்னம் ஏதி? பசிக்குது" என்றார். பிறகு நைனாவிடம், "ஏமய்யா, முடிவே லேதுன்னு சொல்ற லைன்ல மூணு பண்டி ஒரு லெக்கா?" என்றார், மூன்று வண்டியெல்லாம் ஒரு கணக்கா என்று. ஆறிப்போன குழம்பை ஊற்றிச் சாப்பிட்டு, கண்ணிலும் மூக்கிலும் நீர் வழிய, "இப்பதான் காரம் கரெக்டு" என்று தலையாட்டினார்.

மறுநாள் மதியத்துக்குச் சற்று முன் நைனாவின் வண்டி உள்ளே போனது. அதற்குப் பின்னால் இன்னும் இரண்டு வண்டியை விட்டார்கள். அதோடு அந்தக் கப்பலுக்கு நேரம் முடிந்துவிட்டது. நைனா இறக்கிவிட்டு வெளியே வரும்போது, நீல வண்டியைச் சரக்கோடு ஓரம்கட்டித் திருப்பிக்கொண்டிருந்தார்களாம். பின்னால் வண்டிகள் நெருக்கியதில் இவரால் நிறுத்த முடியவில்லை. ரமணய்யா ஜன்னல் வழியே கையை வீசி, வீட்டுக்குப் போ என்று காட்டினாராம். வீட்டுக்கு வந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்து நைனா அம்மாவிடம் இதைச் சொன்னார். என்னைத் திட்டவில்லை. ரெண்டு அடி அடித்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். எனக்குச் செத்துப்போகலாம் போல வெட்கமாக இருந்தது.

அதற்கப்புறம் அந்தக் கிளி வண்டியை லைனில் யாரும் பார்க்கவில்லை. நெல்லூர் பதிவு எண்ணோடு எந்த வண்டி நின்றாலும் நைனா இறங்கிப் போய்க் கேட்பார், டீக்கடைகளில் சொல்லிவைத்திருந்தார். அந்த மனிதரிடமிருந்தும் யாராவது சாவியை வாங்கிவிட்டார்களா, அல்லது அவர் வேறு துறைமுகத்துக்குப் போய்விட்டாரா என்று எங்களுக்குத் தெரியவே இல்லை.

நான் கணக்கு டீச்சர் ஆனது இதனால்தான் என்று சொன்னால் கதை கட்டுகிறேன் என்பீர்கள். மாத்தூரில் ஒரு பள்ளியில் பாடம் நடத்துகிறேன், அவ்வளவுதான். கல்லூரியில் படித்தபோது, முடிவிலியோடு மூன்றைக் கூட்டினால் முடிவிலியே என்று பேராசிரியர் எழுதிப்போட்டார். ரமணய்யா சொன்னது அதுதானே என்று நினைத்து பெஞ்சில் தலை கவிழ்ந்து உட்கார்ந்திருந்தேன். பலகையில் அது சரி. ரோட்டில் அது சரியில்லை. அங்கே மூன்று வண்டி என்றால் மூன்று வண்டிதான், ஒரு கப்பல்தான், ஒரு மனிதனின் பிழைப்புதான். இத்தனை வருஷம் சொல்லிக்கொடுத்தும் முடிவிலியை என்னால் ஒருநாளும் மனசுக்குள் பார்க்க முடிந்ததில்லை, யாராலும் முடியும் என்றும் நான் நம்பவில்லை. நம்முடைய புத்திக்கு எட்டுவது "கூட ஒண்ணு" மட்டும்தான். எனக்கு வேண்டியதும் அவ்வளவுதான் என்று இப்போது படுகிறது.

அந்த லைன் இன்று இல்லை. சாலை அகலமாகிவிட்டது, சரக்கில் பாதி காட்டுப்பள்ளித் துறைமுகத்துப் பக்கம் போய்விட்டது, ஒருநாள் இரண்டுநாள் நெரிசல் வந்தாலும் ஸ்டவ் பற்றவைத்துப் பருப்பு வேகவைக்கிற அளவுக்கு யாரும் நிற்பதில்லை. அது போனதில் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. போய்த் தொலைந்தது நல்லதுதான். ஆனால் கடைசி நாட்களில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் நினைவு தப்பித் தப்பி வந்தபோது நைனா அந்த லைனில்தான் இருந்தார். "நவுருதா?" என்று கேட்பார். "நவுருது நைனா" என்பேன். "பின்னாடி பாரு, ரமணய்யா வந்துட்டாரா?" என்பார். அதற்கு மட்டும் பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

போன ஐப்பசியில் நைனா இறந்தார். பொம்பளை சுடுகாட்டுக்கு வருவதாவது என்று பெரியப்பா சொல்லச் சொல்ல நான் சவ வண்டியில் ஏறிவிட்டேன். எரிவாயு மேடையில் முன்னால் இரண்டு பேர் இருந்தார்கள். ஒரு மணி நேரம் மழைத் தூறலில் காத்திருந்து, எங்கள் முறை வந்து, தம்பி சேகர் பாடையில் கை வைத்தபோது, எங்களுக்குப் பின்னால் நின்ற இளைஞன் செல்போனைக் காதில் வைத்துக்கொண்டு அங்குமிங்கும் அலைவதைப் பார்த்தேன். கூட வந்தவர்கள் இரண்டே பேர். என்னவென்று கேட்டேன். "எங்க அப்பா செத்துட்டாருக்கா. பொஞ்சாதிய பிரசவத்துக்குச் சேத்துட்டு வந்துகீறேன். கையெழுத்துப் போட ஆள் இல்லேன்னு கூப்ட்டுகினே கீறாங்க" என்றான்.

"நீ முன்னாடி போப்பா" என்றேன்.

சேகர் என்னை முறைத்தான். "அக்கா, இன்னா பேசுற? ஒரு மணி நேரமா நிக்கிறோம், நம்ம நைனா டைம் இது."

"நம்ம நைனா நாலு நாள் நின்னவருடா" என்றேன். "ஒரு வண்டி ஒரு லெக்கா?"

அவனுக்கு அது புரிந்தது. அந்தக் கதையைக் கேட்டுக் கேட்டு வளர்ந்தவன்தானே. பாடையிலிருந்து கையை எடுத்து ஒதுங்கி வழிவிட்டான். அந்தப் பையன் கும்பிட்டுவிட்டு அவன் அப்பாவை எங்களைத் தாண்டித் தூக்கிக்கொண்டு போனான். நாங்கள் நைனாவை மழை படாத இடமாகச் சற்று நகர்த்தி வைத்துவிட்டு, இரண்டு பக்கமும் நின்றுகொண்டோம். அவர் முகத்தில் விழுந்திருந்த தூறலை முந்தானையால் துடைத்தேன். வாசலில் ஹாரன் சத்தம் கேட்டது, திரும்பிப் பார்த்தேன். எங்களுக்குப் பின்னால் இன்னொரு வண்டி வந்து நின்றது.